‘சோத்தைக் குறைங்கப்பா’ன்னு கத்தினா சுகர் குறையுமா? பெற்றோரை மாற்ற உதவும் 8 வழிகள்!

அப்பாவுக்கு சுகர். அம்மாவுக்கு பி.பி. டாக்டர் சொன்னதை நீங்க பத்து தடவை சொல்லியாச்சு. யூடியூப் வீடியோ அனுப்பியாச்சு. கோபப்பட்டு ரெண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாச்சு. ஆனாலும் காலை 6 மணி டீயில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை அப்படியே இருக்கு, ராத்திரி மாத்திரை பாதி நாள் மறந்துபோகுது. ‘இவங்க திருந்தவே மாட்டாங்க’ என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். பிரச்னை அவர்களின் பிடிவாதத்தில் மட்டும் இல்லை, நாம் சொல்லித்தருகிற விதத்திலும் இருக்கிறது.

நோயாளிக்குப் புரியும்படி சொல்லித்தருவது மருத்துவ உலகில் ஒரு தனிக் கலை. அதற்கு ஆய்வுகள் உண்டு, முறைகள் உண்டு. டாக்டரும் நர்ஸும் பயன்படுத்தும் அந்த முறைகளில் பெரும்பாலானவற்றை வீட்டில் நீங்களே செய்யலாம்.

ஏன் காதில் ஏறுவதே இல்லை?

மருத்துவர் சொல்லும் தகவலில் 40 முதல் 80 சதவிகிதம் வரை நோயாளிக்கு உடனே மறந்துவிடுகிறது என்கிறது 2003-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு. நினைவில் நிற்பதிலும் கிட்டத்தட்ட பாதி தப்பாக நிற்கிறதாம். ‘சாப்பாட்டுக்கு முன்னாடி’ என்பது ‘சாப்பாட்டுக்குப் பின்னாடி’ என்று மாறுவது இப்படித்தான்.

இன்னொரு கணக்கு. 67 நாடுகளில் ஒரு நோயாளிக்கு டாக்டர் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்று 2017-ல் தொகுத்துப் பார்த்தார்கள். ஸ்வீடனில் 22 நிமிடங்களுக்கும் மேல். இந்தியாவில் சுமார் 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தில் பெயர் கேட்டு, ரிப்போர்ட் பார்த்து, சீட்டு எழுதி முடிப்பதற்குள் அடுத்தவர் கதவைத் திறந்துவிடுகிறார். வாழ்க்கை முறையை மாற்றுவதைப் பற்றிப் பேச அங்கே நேரம் ஏது?

விளைவு என்ன தெரியுமா? தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவிகிதம்தான். சர்க்கரை நோயில் 10.8 சதவிகிதம். மருந்து, மருத்துவமனை, டாக்டர் எல்லாம் உள்ள மாநிலத்திலேயே இந்த நிலை. கட்டுப்படாத சர்க்கரையும் பி.பி-யும் வருஷக்கணக்கில் சத்தமே இல்லாமல் கண், சிறுநீரகம், இதயம், பாதம் என்று ஒவ்வொன்றாகக் கெடுக்கும். டயாலிசிஸ் வாசலில் போய் நின்ற பிறகு வருத்தப்படுவதைவிட, இப்போது நன்றாகப் பேசக் கற்றுக்கொள்வது மேல்.

தறி ஊரில் இது இன்னும் முக்கியம்

திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய அம்மையார்குப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவு ஊர். தறிச் சத்தம்தான் தெருவின் பின்னணி இசை. நெசவுக்காரரின் வேலை நாள் எப்படி இருக்கும்? தறியில் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் உட்கார்ந்ததுதான். விசைத்தறி என்றால் ஓடும் தறியைவிட்டு நகர முடியாது, இழை அறுந்தால் கூலி போச்சு. சோர்வு தெரியாமல் இருக்க நடுநடுவே டீ. மதியம் வயிறு நிறைய சோறு. ராத்திரி லேட்டாக இன்னொரு முறை.

இந்த வாழ்க்கையில் இருக்கும் ஒருவரிடம் போய், ‘தினமும் காலையில் ஒரு மணி நேரம் பார்க்ல வாக்கிங் போங்க, சாலட் சாப்பிடுங்க’ என்றால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்? அறிவுரை தப்பில்லை, அவருடைய நாளுக்குள் அது நுழையவில்லை. நல்ல கற்பித்தல் அந்த நாளைத் தெரிந்துகொள்வதில் தொடங்குகிறது.

‘இதெல்லாம் சொல்லி மாறுமா?’ மாறும்... சென்னையிலேயே நிரூபித்திருக்கிறார்கள்

டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் ஓர் ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரண அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு உணவு, நடை பற்றித் தெளிவாகச் சொல்லி, தொடர்ந்து நினைவூட்டினார்கள். 3 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் 55 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்திருந்தது. இரண்டாவது பிரிவில் 39 சதவிகிதம். உடல் எடை பெரிதாகக் குறையாமலே இந்த மாற்றம்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். அதே குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், விளிம்பு நிலையில் இருந்த 537 ஆண்கள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒரே அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் 2 ஆண்டுகள் எஸ்.எம்.எஸ் போனது. சின்னச் சின்னக் குறிப்புகள்தான், ஆனால் ஒருவர் எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதற்கேற்ற குறிப்புகள். எஸ்.எம்.எஸ் வராதவர்களில் 27 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை நோய் வந்தது, வந்தவர்களில் 18 சதவிகிதம் பேருக்கு. அதாவது, சரியான நேரத்தில் போகும் ஒரு சின்ன மெசேஜ் பெரிய வேலை செய்கிறது. அந்த மெசேஜை அனுப்பும் போன் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

1. முதலில் கேளுங்க, அப்புறம் சொல்லுங்க

‘சோத்தைக் குறைங்க’ என்று ஆரம்பிக்காதீங்க. ‘அப்பா, டாக்டர் சொன்னதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?’ என்று கேளுங்க. உங்க வீட்டில் நைனா என்று கூப்பிடுவீர்கள் என்றால் நைனாவையே கேளுங்க! ‘மாத்திரை போட்டா தலை சுத்துது’, ‘தறியை விட்டு எந்திரிக்க முடியலை’, ‘மாசக் கடைசியில மாத்திரை வாங்க காசு இல்லை’... இதில் ஏதோ ஒன்று வெளியே வரும். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. கேட்காமல் அறிவுரை சொன்னால் மூன்றுக்கும் ஒரே திட்டுதான் கிடைக்கும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் முன்வைத்த பேச்சு முறையின் அடிப்படையே இதுதான். மாற வேண்டிய காரணத்தை நாம் சொல்லக் கூடாது, அவர் வாயிலிருந்து வர வேண்டும். ‘உடம்பு நல்லா இருந்தா என்னப்பா செய்யணும்னு ஆசை?’ என்று கேட்டுப் பாருங்க. ‘பேத்தி கல்யாணத்தைப் பார்க்கணும்’ என்று அவரே சொன்னால், அந்த ஒரு வரிக்கு உங்கள் நூறு வீடியோக்களைவிட பலம் அதிகம்.

2. எந்தப் படியில் நிற்கிறார் என்று பாருங்க

திருத்தணி மலைக்கு 365 படிகள். கீழே நிற்பவரைப் பார்த்து ‘இன்னும் அஞ்சு படிதான்’ என்று சொல்ல மாட்டோம் இல்லையா? பழக்கத்தை மாற்றுவதிலும் படிகள் உண்டு.

‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்பவர் முதல் படி. அவருக்கு டயட் சார்ட் கொடுத்துப் பயனில்லை, அவருடைய ரிப்போர்ட்டை உட்கார வைத்து விளக்கினால் போதும். ‘செய்யணும்தான், ஆனா...’ என்பவர் இரண்டாவது படி. அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் உள்ள தடையைப் பேசுங்க. ‘திங்கள்கிழமையில இருந்து’ என்பவர் மூன்றாவது படி. அவருக்குத் தேவை நாள், நேரம், ஒரு ஜோடி செருப்பு. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவருக்குத் தேவை பாராட்டும் துணையும். எஸ்.எம்.எஸ் ஆய்வில் குறிப்புகளைப் பிரித்து அனுப்பியதும் இந்தப் படிகளின் அடிப்படையில்தான்.

3. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு

உணவு, நடை, உப்பு, தூக்கம், புகையிலை என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னால் எதுவும் மாறாது. எது சுலபமோ அதில் தொடங்குங்க. உதாரணத்துக்கு டீ. ஒரு நாளைக்கு 5 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் என்றால் 10 ஸ்பூன், அதாவது 40 கிராமுக்குக் குறையாத சர்க்கரை. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கே தினசரி 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் வாரம் ஒன்றரை ஸ்பூன். அடுத்த வாரம் ஒன்று. நாக்கு மெதுவாகப் பழகிக்கொள்ளும்.

பி.பி இருந்தால் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். குழம்பில் போடுவது மட்டுமல்ல, அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ‘முதல்ல ஊறுகாயை மட்டும் நிறுத்திப் பார்ப்போமா?’ என்று ஆரம்பிக்கலாம்.

4. ‘நடங்க’ன்னு சொல்லாதீங்க... எப்போ, எங்கேன்னு சொல்லுங்க

‘நடக்கணும்’ என்பது ஆசை. ‘ராத்திரி சாப்பிட்டு கை கழுவினதும் தெருமுனை கோயில் வரைக்கும் போயிட்டு வரணும்’ என்பது திட்டம். ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தோடு புதுப் பழக்கத்தை முடிச்சுப் போட்டால் மறக்காது. மாத்திரையும் அப்படித்தான். ‘காலையில் பல் தேய்ச்சதும்’ என்று முடிச்சுப் போடுங்க. மாத்திரை டப்பாவை பிரஷ் பக்கத்தில் வையுங்க.

தறியில் இருப்பவருக்கு ஒரு மணி நேர வாக்கிங் கிடைக்காமல் போகலாம். ஆனால், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ரெண்டு நிமிஷம் நடக்கலாம். தார் தீர்ந்து மாற்றும்போது, இழை முடியும்போது என்று அவர் வேலையிலேயே அதற்கான இடைவெளி இருக்கும். எது என்று அவரையே சொல்லச் சொல்லுங்க. வாரத்துக்கு மொத்தம் 150 நிமிட நடை என்பதுதான் பொதுவான இலக்கு. அதைப் பத்து பத்து நிமிஷமாகவும் சேர்க்கலாம்.

5. திருப்பிச் சொல்லச் சொல்லுங்க

நோயாளிக் கல்வியில் மிக எளிமையான, மிகவும் பயனுள்ள முறை இது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘புரிஞ்சுது’ என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, ‘நான் சரியா சொன்னேனான்னு தெரியலைம்மா, இந்த மாத்திரையை எப்போ போடணும்னு நீங்க ஒருதரம் சொல்லுங்களேன்’ என்று கேளுங்க. பரீட்சை எழுதுவது அம்மா இல்லை, நீங்கள். தப்பாகச் சொன்னால் திட்டாமல் வேறு மாதிரி விளக்குங்க.

எல்லைப் பக்க ஊர்களில் இன்னொரு விஷயம் உண்டு. தெருவில் தமிழ், வீட்டில் தெலுங்கு என்று வாழும் குடும்பங்கள் நிறைய. ஆயாவுக்கு எந்த மொழியில் நினைப்பு ஓடுகிறதோ அந்த மொழியில் சொல்லுங்க. எழுத்து தெரியாதவர் என்றால் மாத்திரை அட்டையில் காலைக்கு சூரியன், ராத்திரிக்கு நிலா என்று பேனாவால் வரைந்துவிடுங்க.

6. பயமுறுத்தாதீங்க

‘காலை வெட்டிடுவாங்க’, ‘கிட்னி போயிடும்’ என்றெல்லாம் சொன்னால் பயம் வரும், உண்மைதான். ஆனால், என்ன செய்வது என்று தெரியாத பயம் மனிதரை ஓடி ஒளியத்தான் வைக்கும். ரத்தப் பரிசோதனைக்கே போகாமல் தட்டிக்கழிப்பவர்களில் பலர் அலட்சியக்காரர்கள் இல்லை, பயந்தவர்கள். ஆபத்தைச் சொல்லும்போது அடுத்த வரியிலேயே வழியையும் சொல்லுங்க. ‘சுகர் அதிகமா இருந்தா பாதத்துல உணர்ச்சி குறையும்ப்பா. அதனால தினம் ராத்திரி நான் உங்க பாதத்தைப் பார்க்கிறேன், புண், கொப்புளம் இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டிடலாம்.’ வெறுங்காலில் தறியின் மிதியை மிதிப்பவர்களுக்கு இந்த ராத்திரி சோதனை ரொம்பவே அவசியம்.

7. கண்ணால் காட்டுங்க

சொல்வதைவிடக் காட்டுவது சுலபமாகப் புரியும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், வழக்கமான மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து ஒரு நாள் பாருங்க. இன்னொரு நாள் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அதற்குப் பதில் கீரையோ பொரியலோ சேர்த்து, சாப்பிட்டதும் 15 நிமிஷம் நடந்துவிட்டுப் பாருங்க. ரெண்டு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி அவரையே ஒப்பிடச் சொல்லுங்க. பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். ‘என் பையன் சொன்னான்’ என்பதைவிட ‘நானே பார்த்தேன்’ என்பது நீண்ட நாள் நிற்கும்.

8. அவர் மட்டும் இல்லை, வீடே மாறணும்

அப்பாவுக்கு மட்டும் தனியாக ஒரு ‘பத்தியச் சாப்பாடு’ வைத்துவிட்டு, நீங்க பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டால் அது தண்டனை. சமைக்கிறவர் யார், மளிகை வாங்குகிறவர் யார் என்று பாருங்க. டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்க. காய்கறி அதிகம், சோறு அளவாக, பயறும் முட்டையும் சேர்ந்த சாப்பாடு உங்களுக்கும் நல்லதுதான். பெற்றோருக்கு சுகர் இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை மறக்காதீங்க.

வாட்ஸ்அப் டாக்டரிடம் ஜாக்கிரதை!

வீட்டில் அடிக்கடி காதில் விழும் நாலு விஷயங்களுக்குப் பதில்...

‘சோத்துக்குப் பதில் சப்பாத்தி, கேழ்வரகுக் களி சாப்பிட்டா சுகர் ஏறாது.’ ஏறும். அவற்றிலும் மாவுச்சத்துதான். இந்தியர்கள் தங்கள் சக்தியில் சுமார் 62 சதவிகிதத்தை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்கிறது 2025-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வு. அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானிய மாவோ என்று மாற்றினால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மொத்த அளவு குறைய வேண்டும்.

‘சுகர் நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்.’ மாத்திரை வேலை செய்வதால்தான் நார்மல். குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொன்ன பிறகுதான்.

‘மாத்திரை போட்டா கிட்னி கெட்டுடும்.’ சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் பி.பி-யும்தான். சந்தேகம் இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீர், கிரியேட்டினின் பரிசோதனை செய்துபார்த்துக்கொள்ளலாம்.

‘இன்சுலின்னா கடைசிக் கட்டம்.’ இல்லை. உடம்பில் குறைவதை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

கிருத்திகை விரதம் இருக்கலாமா?

திருத்தணி வட்டாரத்தில் இந்தக் கேள்வி வராமல் போகாது. கிருத்திகை விரதம், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி, வெறுங்காலில் நடை... இதெல்லாம் வாழ்க்கையோடு கலந்தது. ‘விரதம் இருக்காதீங்க’ என்று அதட்டினால், டாக்டரிடமும் உங்களிடமும் சொல்லாமல் இருப்பார்கள். அதுதான் ஆபத்து.

சில வாரங்கள் முன்பே டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்க. இன்சுலினோ, சுகரை வேகமாகக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். அளவையும் நேரத்தையும் டாக்டர் மாற்றித்தருவார், அல்லது விரதம் வேண்டாம் என்பார். வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் விரதம் அங்கேயே முடிந்தது. 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வைத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதியுங்க. நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்க. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடப்பதைத் தவிர்ப்பதே நல்லது. மீறி நடந்துவிட்டு வந்தால் அன்றே பாதத்தைச் சோதியுங்க.

வீட்டு வாசலுக்கே வரும் உதவி

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பி.பி, சுகர் பார்த்து, மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது. 2023-24-ல் மறுபடி எடுத்த கணக்கெடுப்பில் பி.பி, சுகர் இரண்டிலும் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் சுமார் 17 சதவிகிதமாக உயர்ந்திருந்தார்கள். முன்னேற்றம்தான், ஆனால் போக வேண்டிய தூரம் நிறைய.

அந்தத் தன்னார்வலர் உங்கள் ஊர்ப் பெண். உங்க அம்மாவின் சமையலும் தெரியும், அப்பாவின் தறி நேரமும் தெரியும். அவர் வரும்போது ‘மாத்திரையை வெச்சுட்டுப் போங்கக்கா’ என்று அனுப்பாமல் உட்கார வைத்துப் பேசுங்க. வருவதே இல்லையென்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யக் கேளுங்க. சந்தேகங்களுக்கு 104 எண்ணில் அழைக்கலாம்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது, நெஞ்சில் அழுத்தும் வலி... இவற்றுக்கு மட்டும் அறிவுரையும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். உடனே 108.

எத்தனை நாள் ஆகும்?

லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக வரும் அளவுக்குப் பதிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை நீளும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்றும் கண்டார்கள்.

ஆகவே, கல்யாண வீட்டில் அப்பா ரெண்டு லட்டு சாப்பிட்டுவிட்டார் என்று ‘எல்லாம் வீணாப்போச்சு’ எனக் கத்தாதீங்க. ‘பரவாயில்லப்பா, நாளைக்கு ராத்திரி கோயில் வரைக்கும் நானும் வரேன்’ என்று சொல்லுங்க. சொன்னபடி செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்புங்க.